ஜெர்மனியின் ‘புளூ கார்டு’ – டிப்ளமோ மாணவர் தெரிந்துகொள்ள வேண்டியவை

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை மாணவர்)



வெளிநாட்டு வேலை பற்றிய பேச்சு நம் விடுதியில் எழாத நாளே கிடையாது. அதில் அடிக்கடி காதில் விழும் சொல் ‘ஜெர்மனி புளூ கார்டு’. ஆனால் அது என்ன, யாருக்குக் கிடைக்கும், நம்ம டிப்ளமோவுக்கு உண்டா இல்லையா என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். அப்பா, மாமாவிடம் கேட்டால் அவர்களுக்கும் தெரியாது. கேட்க ஆள் இல்லாத வீட்டுக்குள்தான் ஏஜென்ட் சுலபமாக நுழைகிறார். ஆகவே நாமே படித்துத் தெரிந்துகொள்வோம் என்ற எண்ணத்தில் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

விசா வேறு, அனுமதி வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். விசா என்பது நாட்டுக்குள் நுழைவதற்கான சீட்டு. அதை இங்கே உள்ள ஜெர்மன் தூதரகம் கொடுக்கிறது. சென்னையிலேயே அவர்களுடைய துணைத் தூதரகம் இருக்கிறது. அங்கே தங்கி வேலை பார்ப்பதற்கான அனுமதி வேறு. போய் இறங்கிய பிறகு, நாம் குடியிருக்கும் ஊரின் அயல்நாட்டவர் அலுவலகம் அதைத் தரும். புளூ கார்டு என்பது இந்த இரண்டாவது வகை. ‘புளூ கார்டை இங்கேயே உங்க கையில கொடுத்துடறேன்’ என்று யாராவது சொன்னால் அது பொய் என்று அப்போதே தெரிந்துகொள்ளலாம்.

முன்கதை

2000-ஆம் ஆண்டு ஜெர்மனியில் கணினி வல்லுநர்களுக்குப் பற்றாக்குறை ஏற்பட்டது. அப்போதைய பிரதமர் கெர்ஹார்ட் ஷ்ரோடர் ‘கிரீன் கார்டு’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். 2000 ஆகஸ்ட் 1 அன்று அது தொடங்கியது. 20,000 பேர் வரை எடுப்பதாக இருந்தும் அந்த எண்ணிக்கை நிரம்பவில்லை. அனுமதி அதிகபட்சம் 5 ஆண்டுக்குத்தான். அதன் பிறகு என்ன என்பதற்குத் திட்டத்தில் உறுதியான பதில் இல்லை. குடும்பத்தோடு வேரூன்ற நினைப்பவர் இப்படிப்பட்ட அனுமதியை நம்பி எப்படிப் போவார்? 2004 முடிவோடு அத்திட்டம் நின்றது.

பின்னர் ஐரோப்பிய ஒன்றியம் 2009-ல் புளூ கார்டு சட்டத்தை இயற்றியது. ஜெர்மனியில் 2012 ஆகஸ்ட் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 2021-ல் ஒன்றியம் அதைத் திருத்தியது. திருத்திய விதிகள் ஜெர்மனியில் 2023 நவம்பர் முதல் அமலில் உள்ளன. ஒன்றியத்தின் 27 நாடுகளில் டென்மார்க், அயர்லாந்து தவிர மற்றவை இதில் சேர்ந்துள்ளன.

யாருக்குக் கிடைக்கும்?

மூன்று தாள்கள் வேண்டும்.

1. பட்டம். குறைந்தது 3 ஆண்டு உயர்கல்வி படித்த பட்டமாக இருக்க வேண்டும். ஜெர்மன் பட்டத்துக்கு அது சமமா என்பதையும் பார்ப்பார்கள். ‘அனபின்’ என்ற ஜெர்மன் அரசுத் தகவல் தொகுப்பில் நம் பல்கலைக்கழகம் எப்படி மதிப்பிடப்பட்டுள்ளது என்று நாமே காசு செலவில்லாமல் பார்க்கலாம்.

2. வேலை ஒப்பந்தம். படிப்புக்கு ஏற்ற வேலையாக, குறைந்தது 6 மாதத்துக்கு இருக்க வேண்டும்.

3. சம்பளம். 2025-ல் ஆண்டுக்கு 48,300 யூரோ, அதாவது மாதம் 4,025 யூரோ. பொறியாளர், மருத்துவர் போன்ற ஆள் பற்றாக்குறைத் தொழில்களுக்கும், பட்டம் பெற்று 3 ஆண்டு ஆகாதவர்களுக்கும் 43,759.80 யூரோ. இது வரி, காப்பீடு எல்லாம் பிடிப்பதற்கு முந்தைய தொகை. ஒவ்வொரு ஜனவரியிலும் இந்த அளவு மாறும்.

கையில் வந்தபின் என்ன உரிமை?

என்னைக் கேட்டால் பாடத்தின் முக்கியமான பகுதி இதுதான். எல்லாரும் ‘எப்படிப் போறது’ என்றே கேட்கிறோம். போன பிறகு அந்த அட்டை நமக்கு என்ன தரும் என்று கேட்பது குறைவு.

புளூ கார்டுக்காரர் கணவன் அல்லது மனைவியை அழைத்துக்கொள்ளலாம். அவர் ஜெர்மன் மொழித் தேர்வு எழுத வேண்டாம். வந்ததுமே அவரும் வேலைக்குப் போகலாம். வேலை மாற விரும்பினால், முதல் 12 மாதத்துக்குள் என்றால் அயல்நாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வேலை போய்விட்டாலும் அன்றைக்கே பெட்டி கட்ட வேண்டியதில்லை. ஐரோப்பியச் சட்டப்படி குறைந்தது 3 மாத அவகாசம் உண்டு. 2 ஆண்டு வைத்திருந்தவருக்கு 6 மாதம்.

நிரந்தரமாகத் தங்கும் உரிமை ஓய்வூதியச் சந்தா ஒழுங்காகக் கட்டிவந்தால் 27 மாதத்தில் கிடைக்கும். அதற்கு ஏ1 நிலை ஜெர்மன் போதும். பி1 நிலை தேறியிருந்தால் 21 மாதம். யோசித்துப் பாருங்கள், நன்றாக மொழி படித்தவருக்கு 6 மாதம் லாபம்! முதலாளியின் தயவில் நிற்கும் காலம் அவ்வளவு குறைகிறது.

நம்ம டிப்ளமோவுக்கு வழி உண்டா?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பத்தாவதுக்குப் பிறகு நாம் படிக்கும் 3 ஆண்டு டிப்ளமோ, பல்கலைக்கழகப் பட்டம் ஆகாது. அதை மட்டும் வைத்துப் புளூ கார்டு வாங்க முடியாது. இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். வழிகள் இருக்கின்றன.

அ) லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்ந்து பட்டம் முடிப்பது. நேரான பாதை இதுதான். வீட்டில் பண வசதி இல்லாதவர், வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேர பி.இ. படிக்கலாம்.

ஆ) கணினித் துறையில் இருப்பவருக்கு ஒரு சலுகை உண்டு. பட்டம் இல்லாவிட்டாலும், கடந்த 7 ஆண்டுக்குள் பட்டதாரி அளவிலான வேலையில் 3 ஆண்டு அனுபவம் இருந்தால் புளூ கார்டுக்கே விண்ணப்பிக்கலாம். சம்பள அளவு உண்டு.

இ) அனுபவ வழி. 2024 மார்ச் முதல் இது விரிவாக்கப்பட்டுள்ளது. சொந்த நாட்டில் அரசு அங்கீகாரம் பெற்ற, குறைந்தது 2 ஆண்டுப் படிப்பும், கடந்த 5 ஆண்டுக்குள் அத்துறையில் 2 ஆண்டு அனுபவமும் வேண்டும். 2025-ல் சம்பளம் 43,470 யூரோ. இது புளூ கார்டு அல்ல. ஆகவே 21 மாதம், 27 மாதம் என்ற சலுகை இதில் கிடையாது.

ஈ) வாய்ப்பு அட்டை. 2024 ஜூன் 1 முதல் தரப்படுகிறது. ஓராண்டு வரை அங்கே போய் வேலை தேடலாம். வாரம் 20 மணி நேரம் பகுதிநேர வேலையும் செய்யலாம். இதற்கு 6 மதிப்பெண் தேவை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? டிப்ளமோ முடித்து 2 ஆண்டு அத்துறையில் வேலை பார்த்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது 35-க்குள் இருப்பதால் 2. அனுபவத்துக்கு 2. பி1 ஜெர்மனுக்கு 2. ஆக மொத்தம் 6! ஆனால் அங்கே வாழ்க்கை நடத்தப் பணம் இருப்பதையும் காட்ட வேண்டும். 2025-ல் மாதத்துக்கு 1,091 யூரோ, ஓராண்டுக்கு 13,092 யூரோ. நம் வீடுகளுக்கு அது சின்னத் தொகை இல்லை. வேலை கிடைக்காமலும் போகலாம். வட்டிக்கு வாங்கி இந்த வழியில் இறங்குவது ஆபத்து.

ஏஜென்டிடம் போகும் முன்

எங்கள் ஊரில் ஒரு அண்ணன், ஐ.டி.ஐ. முடித்தவர். ‘புளூ கார்டு உறுதி’ என்று ஒரு ஏஜென்ட் சொன்னதை நம்பி நிலப் பத்திரத்தை அடமானம் வைத்துப் பணம் கட்டினார். ஐ.டி.ஐ. படிப்புக்கு அந்த அட்டை கிடைக்காது என்று ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. கடைசியில் ஒரு கடிதம் வந்தது, வேலை வரவில்லை. பத்திரம் இன்றும் வட்டிக்கடையில்தான் இருக்கிறது. அவருடைய அம்மா இப்போதும் வயல் வேலைக்குப் போய் வட்டி கட்டுகிறார்.

ஆகவே நண்பர்களே, எந்த ஏஜென்டானாலும் நான்கு கேள்வி கேளுங்கள். இந்திய அரசின் பதிவு எண் என்ன? நீங்கள் சொல்லும் அனுமதியின் சரியான பெயர் என்ன? ஒப்பந்தத்தில் முதலாளி பெயரும் ஆண்டுச் சம்பளமும் எழுதியிருக்கிறதா? கொடுக்கும் பணத்துக்கு ரசீது உண்டா? குடிபெயர்வுச் சட்ட விதிப்படி பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும்தான். பதிவு எண்ணை அரசின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் சரிபார்க்கலாம்.

இப்போதே தொடங்கலாம்

விமானம் ஏறுவது பிறகு. மதிப்பெண் பட்டியல், டிப்ளமோ சான்றிதழ் இரண்டிலும் பெயரும் தலைப்பெழுத்தும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா என்று பாருங்கள். வேலைக்குச் சேர்ந்தால் அனுபவச் சான்றிதழில் தேதியும் செய்த வேலையும் தெளிவாக எழுதி வாங்குங்கள். முடிந்தவர்கள் ஜெர்மன் மொழியை ஏ1-லிருந்து தொடங்குங்கள். சென்னையில் மாக்ஸ்முல்லர் பவனில் சொல்லித் தருகிறார்கள்.

வெளிநாடு போவதும் போகாததும் அவரவர் விருப்பம். போனால் எந்த அட்டையோடு போகிறோம், அது எதற்கெல்லாம் உரிமை தருகிறது என்று தெரிந்து போவோம். நமக்குத் தெரிந்ததை நம் தம்பி தங்கைகளுக்கும் சொல்லிக் கொடுப்போம். அடுத்த முறை நம் வீட்டில் யாராவது கேட்டால், பதில் சொல்ல ஒரு ஆள் இருக்கட்டும்!