புக்கிட் பாத்தோக்கின் 188 பைட் பொட்டலங்கள்

புக்கிட் பாத்தோக் குன்றின் ஒளிபரப்புக் கோபுரத்தைப் பார்த்திருப்பீர்கள். சிங்கப்பூரில் 2019 ஜனவரியில் அனலாக் ஒளிபரப்பு நின்றது. அதன்பின் வான்வழி வரும் வசந்தம் ஒளிவழியின் படம் முழுக்க மின்னிலக்கப் பொட்டலங்கள்தாம். ஒவ்வொன்றும் 188 பைட். முதல் 4 பைட், கடிதத்தின் மேலுறை மாதிரி. அதிலுள்ள 13 பிட் எண்ணைப் பார்த்துத்தான் பெட்டி, இது வசந்தத்தின் படமா, ஒலியா, வேறு ஒளிவழியா என்று பிரிக்கிறது.

இணையத்தில் பொட்டலம் தொலைந்தால் திரும்பக் கேட்கலாம். கோபுரத்திடம் யார் கேட்பது? எனவே டிவிபி-டி2 முறையில், பிழை திருத்தும் உபரி பிட்டுகளை முன்கூட்டியே சேர்த்து அனுப்புகிறார்கள். ஹெச்டி என்றாலே தெளிவு என்கிறோம்; அந்தத் தெளிவைக் காப்பது இந்த உபரிதான்.

பிழை அதையும் மீறினால் படம் கட்டங்கட்டமாகச் சிதறும், உறையும். அனலாகில் புள்ளி மழைக்கு நடுவிலும் முகம் தெரிந்தது. இங்கே அந்தச் சலுகை இல்லை. படம் உறைந்தால் பெட்டியைத் தட்டாதீர்கள்; அன்டெனாவைச் சன்னலோரம் நகர்த்திப் பாருங்கள்.