சிறுகுழுவின் பேரிசை

நுழையும்முன்

குழுவில் உள்ள ஒவ்வொருவரும் கருத்துரைக்கத் தொடங்கினால் ஒழுங்கு குலையும் என்பர் சிலர். கருத்துரைக்க உரிமையில்லாத இடத்தில் உழைப்புக்கு உயிர் இராது என்பர் வேறு சிலர். இவ்விரு கூற்றுகளையும் இசைமேடையில் வைத்துச் சோதித்துப் பார்த்த குழு ஒன்று உண்டு. ஜெர்மனி நாட்டின் பிரேமன் நகரில் இயங்கிவரும் ‘டாய்ச்ச கம்மர்ஃபில்ஹார்மோனி’ என்னும் அக்குழுவின் வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

சிற்றிசைக்குழு

மேலைச் செவ்வியல் இசையில் பல கருவிகள் ஒருங்கே முழங்கும் பெருங்குழுவை ‘சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா’ என்பர். அதில் எண்பது முதல் நூறு கலைஞர்கள் வரை இடம்பெறுவதுண்டு. அதனினும் சிறிய குழு ‘சேம்பர் ஆர்கெஸ்ட்ரா’ எனப்படும். ‘சேம்பர்’ என்னும் சொல்லுக்கு அறை என்பது பொருள். அரண்மனைகளிலும் செல்வர் மாளிகைகளிலும் இருந்த அறைகளில் இசைத்த மரபின் நினைவு இப்பெயரில் தங்கியுள்ளது. இதனைச் சிற்றிசைக்குழு எனலாம்.

வயலின், வயோலா, செல்லோ, டபுள் பேஸ் ஆகிய நரம்புக் கருவிகள் இக்குழுவின் அடித்தளம். வாசிக்கப்படும் படைப்புக்கேற்பப் புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன் போன்ற துளைக்கருவிகளும் ஹார்ன், டிரம்பெட், டிம்பனி முழவு ஆகியனவும் சேரும். பெருங்குழுவில் பலர் கூடி ஒரே வரியை இசைக்கும்போது ஒருவரது தடுமாற்றம் பிறரது ஒலியில் மறைந்துவிடக்கூடும். சிறுகுழுவில் அதற்கு இடமில்லை. ஒவ்வொருவரின் ஒலியும் தனித்துக் கேட்கும். எனவே ஒவ்வொருவரும் பொறுப்பேற்க வேண்டும்.

மாணவர் தொடங்கிய குழு

ஜெர்மனியில் அரசும் நகராட்சிகளும் பொருளுதவி செய்து காக்கும் இசைக்குழுக்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை உள்ளன. அவற்றில் இடம்பெறும் கலைஞருக்கு நிலையான ஊதியம் கிடைக்கும். எதை இசைப்பது, யார் தலைமையில் இசைப்பது என்பவற்றையோ பெரும்பாலும் நிருவாகமே முடிவு செய்யும். இந்நிலையில் 1980ஆம் ஆண்டு இசை மாணவர் சிலர் ஒன்றுகூடி, தாமே முடிவெடுத்துத் தாமே நடத்தும் சிறுகுழு ஒன்றைத் தோற்றுவித்தனர். பிராங்க்ஃபர்ட் நகரில் இயங்கிய அக்குழு 1987இல் முழுநேரத் தொழில்முறைக் குழுவாக மாறியது. 1992இல் வடஜெர்மனியில் வேசர் ஆற்றங்கரையில் அமைந்த பிரேமன் நகருக்குக் குடிபெயர்ந்தது.

விடுதலைக்கு ஒரு விலை உண்டு. 1990களின் இறுதியில் கடன்சுமை குழுவை நெருக்கியது. கலைப்பணி சிறந்திருந்தும் கணக்கேடு நலிந்திருந்தது. அந்நெருக்கடியில் 1999ஆம் ஆண்டு, குழுவில் டபுள் பேஸ் இசைத்துவந்த ஆல்பர்ட் ஷ்மிட் நிருவாகப் பொறுப்பை ஏற்றார். கலைஞர்கள் அனைவரும் பங்குதாரராக அமைந்த பொதுநல நிறுவனமாகக் குழு செயல்படுகிறது. அரசின் உதவி ஓரளவே கிடைப்பதால், நுழைவுச்சீட்டு, பயணக் கச்சேரி, ஒலிப்பதிவு, புரவலர் நன்கொடை ஆகியவற்றின் வழியாகவும் குழு தன் பொருளைத் தானே ஈட்டவேண்டியுள்ளது. வரவு குறைந்தால் அதன் சுமையைத் தாங்குவோரும் மேடையில் அமர்ந்து இசைப்போரே ஆவர். நடத்துநரைத் தேர்ந்தெடுப்பது முதல் நிகழ்ச்சிநிரலை வகுப்பது வரை அவர்கள் கருத்துரைக்கிறார்கள் எனில், அவ்வுரிமை இப்பொறுப்பிலிருந்தே பிறக்கிறது.

பீத்தோவனைப் புதிதாகக் கேட்டல்

எஸ்டோனியா நாட்டில் 1962இல் பிறந்த பாவோ யார்வி 2004ஆம் ஆண்டு முதல் இக்குழுவின் கலை இயக்குநராக விளங்குகிறார். அவரும் குழுவினரும் முதலில் மேற்கொண்ட பெரும்பணி, பீத்தோவனின் ஒன்பது சிம்பொனிகளையும் மீள ஆராய்ந்து இசைப்பதாகும்.

இருபதாம் நூற்றாண்டில் அச்சிம்பொனிகளைப் பெருங்குழுக்கள் கனத்த ஒலியோடு இசைக்கும் வழக்கம் வேரூன்றியிருந்தது. ஆனால், ‘எரோய்க்கா’ எனப்படும் மூன்றாம் சிம்பொனி 1804இல் வியன்னாவில் லோப்கோவிட்ஸ் இளவரசரின் அரண்மனையில் முதன்முதலாக ஒலித்தபோது, இசைத்தவர் ஏறத்தாழ முப்பது பேரே. இவ்வுண்மையை மனத்திற்கொண்டு பிரேமன் குழுவினர் சிறுகுழுவின் அளவிலேயே அப்படைப்புகளை அணுகினர். மூலச்சுவடிகளை ஒப்புநோக்கித் திருத்தப்பட்ட புதிய பதிப்பைப் பயன்படுத்தினர். இக்காலத் துளைக்கருவிகளோடு பழைய வகை டிரம்பெட்டையும் டிம்பனியையும் சேர்த்தனர். நரம்புக் கருவிகளின் ஒலியில் அமிழ்ந்துகிடந்த துளைக்கருவிகளின் மெல்லிய வரிகள் இதனால் தெளிவாகக் கேட்டன. பல ஆண்டுகள் நீடித்த இப்பணி ஒலிப்பதிவுகளாகவும் பல நாட்டு மேடைகளில் தொடர் நிகழ்ச்சிகளாகவும் வெளிப்பட்டு, குழுவுக்கு உலகப்புகழ் ஈட்டித் தந்தது.

விரிந்த இசைப்பரப்பு

பீத்தோவனுக்குப் பின் ஷூமானின் நான்கு சிம்பொனிகளையும் பிராம்ஸின் நான்கு சிம்பொனிகளையும் குழு எடுத்துக்கொண்டது. பிராம்ஸின் இசைக்குப் பெருங்குழுவே தேவை என்னும் எண்ணம் பரவலாக உண்டு. எனினும் அவருடைய நான்காம் சிம்பொனியை 1885இல் முதன்முதலாக இசைத்த மைனிங்கன் அரசவைக் குழு ஐம்பது பேருக்கும் குறைவானது. சிறுகுழு என்பது குறைபட்ட குழு ஆகாது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

பிராம்ஸுக்கும் பிரேமன் நகருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. இறந்தோர்க்கான இரங்கல் இசையாகவும் வாழ்வோர்க்கான ஆறுதல் இசையாகவும் அமைந்த ‘ஜெர்மன் ரெக்வியம்’ என்னும் அவருடைய படைப்பு, 1868 ஏப்ரல் 10ஆம் நாள் பிரேமன் பேராலயத்தில் அவரது தலைமையிலேயே அரங்கேறியது. சரியாக 150 ஆண்டுகள் கழித்து, 2018 ஏப்ரல் 10ஆம் நாள், அதே பேராலயத்தில் யார்வியின் தலைமையில் இக்குழு அப்படைப்பை இசைத்தது.

அடுத்து, ஹைடன் லண்டன் நகருக்கென இயற்றிய பன்னிரண்டு சிம்பொனிகளைக் குழு தன் பணியாக ஏற்றது. அவற்றுள் 94ஆம் எண் சிம்பொனியில், மென்மையாகச் செல்லும் எளிய மெட்டின் இடையே திடீரென முழுக்குழுவும் ஒருசேர முழங்கும். கேட்போரைத் திடுக்கிடச் செய்து நகைக்கவைக்கும் இவ்விளையாட்டு வெற்றிபெற, அனைவரும் ஒரே நொடியில் இணையவேண்டும். கையசைவைக் காண்பதோடு ஒருவர் மூச்சை மற்றவர் உணர்ந்து இசைக்கும் பயிற்சியும் இதற்குத் தேவை.

> தெரியுமா?
> கிரிம் சகோதரர்கள் தொகுத்த ‘பிரேமன் நகர இசைவாணர்கள்’ என்னும் நாட்டார் கதையில், முதுமையால் கைவிடப்பட்ட கழுதை, நாய், பூனை, சேவல் ஆகிய நான்கும் இசைவாணராக வாழலாம் என்று பிரேமனுக்குப் புறப்படுகின்றன. வழியில் கள்வரை விரட்டிவிட்டு அவர்களது வீட்டிலேயே தங்கிவிடுவதால் அவை அந்நகரை அடைவதேயில்லை. ஒன்றன்மீது ஒன்றாக அவை நிற்கும் வெண்கலச் சிலையைப் பிரேமன் நகரமன்றக் கட்டடத்தின் அருகே காணலாம்.

பள்ளிக்குள் ஓர் இசைக்குழு

பிரேமனின் கிழக்கே அமைந்த ஆஸ்டர்ஹோல்ட்ஸ்-டெனேவர், உயர்ந்த அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிறைந்த பகுதி. பல நாடுகளிலிருந்து குடியேறியோர் அங்கு வாழ்கின்றனர். வறுமையும் வேலையின்மையும் அப்பகுதியோடு சேர்த்துப் பேசப்பட்டன. 2007ஆம் ஆண்டு இக்குழு தன் ஒத்திகைக் கூடத்தை அங்குள்ள ஒரு பொதுப்பள்ளியின் வளாகத்துக்குள் அமைத்துக்கொண்டது.

உலக மேடைகளில் இசைப்போர் பள்ளியின் தாழ்வாரங்களில் மாணவரை நாள்தோறும் சந்திக்கின்றனர். ஒரே உணவுக்கூடத்தில் உண்கின்றனர். ஒத்திகையின்போது மாணவர்கள் கலைஞர்களின் நடுவே அமர்ந்து கேட்பதும் உண்டு. பார்வையாளர் இருக்கையில் கேட்கும் இசை வேறு. செல்லோவின் அதிர்வு நாற்காலியின் வழியே உடலில் ஏற அமர்ந்து கேட்கும் இசை வேறு. மாணவர் தாமே எழுதிய பாடல்களைக் குழுவின் துணையோடு மேடையேற்றும் நிகழ்ச்சிகளும், அப்பகுதி மக்களும் மாணவரும் கலைஞரும் இணைந்து உருவாக்கும் இசை நாடகமும் இவ்வுறவின் கனிகள்.

இதனால் குழுவும் பயன்பெற்றது. முன்னறிவு ஏதுமின்றி அருகில் அமர்ந்து கேட்கும் இளையோர்முன் வாசிக்கும்போது, பழகிய படைப்பையும் புதிதாக நோக்கவேண்டிய கட்டாயம் கலைஞருக்கு நேர்கிறது.

நிறைவாக

சிற்றிசைக்குழுவில் ஒருவரும் மறைந்துகொள்ள இயலாது. வாசிக்கும் வரியில் மட்டுமன்றிக் கணக்கேட்டிலும் கலந்தாய்விலும் பள்ளி வளாகத்திலும் பிரேமன் குழுவினர் இவ்விதியைத் தமக்கு விதித்துக்கொண்டனர். பேசும் உரிமையையும் இழப்பைத் தாங்கும் கடமையையும் ஒன்றாக ஏற்றதால், கருத்து வேறுபாடு அவர்களிடையே ஒழுங்கைக் குலைக்கவில்லை. பிறர் வரியைச் செவிமடுத்துத் தன் வரியைத் தவறாது இசைப்பதே கூட்டுவாழ்வின் இலக்கணம் என்பதை அவர்களின் வரலாறு உணர்த்துகிறது.

கற்பவை கற்றபின்…

1. ‘எரோய்க்கா’ சிம்பொனி முதன்முதலாக ஒலித்த சூழல், பிரேமன் குழுவின் இசை அணுகுமுறைக்கு எவ்வாறு அடிப்படையாயிற்று என்பதை விளக்குக.
2. உரிமையும் பொறுப்பும் பிரிக்க இயலாதவை என்னும் கருத்தைப் பாடப்பகுதியின் துணைகொண்டு நிறுவுக.
3. உங்கள் ஊரில் இயங்கும் நாகசுரக் குழு, பறையிசைக் குழு போன்ற ஏதேனும் ஒன்றன் கலைஞர்களைச் சந்தித்து, அவர்கள் ஒத்திகை செய்யும் முறையையும் வருவாயைப் பகிரும் முறையையும் கேட்டறிந்து கட்டுரை எழுதுக.