பாஸ்வேர்டு உங்கள் போனிலேயே இருக்கிறது

கேள்வி: எங்கள் வீட்டு வைஃபையை அமைத்துக் கொடுத்த மகன் இப்போது வெளிநாட்டில் இருக்கிறான். அவனுக்கும் பாஸ்வேர்டு நினைவில்லை. என் போனில் இணையம் வழக்கம்போல வருகிறது. கல்லூரியில் சேர்ந்திருக்கும் மகளின் புது லேப்டாப்பைத்தான் இணைக்க முடியவில்லை. ரவுட்டரை ரீசெட் செய்யச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். செய்யலாமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: வேண்டாம், அவசரப்படாதீர்கள். உங்கள் போன் அந்த வைஃபையில் இணைகிறது என்றால் பாஸ்வேர்டு அதற்குள் பத்திரமாக இருக்கிறது என்று பொருள். அதை எடுத்துவிடலாம். அதுவரை போனில் ‘ஃபர்கெட்’ என்பதையோ ‘ரீசெட் நெட்வொர்க் செட்டிங்ஸ்’ என்பதையோ தொட்டுவிடாதீர்கள். தொட்டால் சேமித்த பாஸ்வேர்டு அழிந்துவிடும்.

ஆண்ட்ராய்டு போன் என்றால், 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் இதற்கு வசதி உண்டு. செட்டிங்ஸில் வைஃபை பகுதிக்குப் போய், உங்கள் வீட்டு இணைப்பின் பக்கத்திலுள்ள பல்சக்கரக் குறியைத் தொடுங்கள். அங்கே ‘ஷேர்’ அல்லது ‘கியூஆர் கோடு’ என்று இருக்கும். கைரேகையோ பின் நம்பரோ கேட்கும். கொடுத்ததும் கட்டம் கட்டமான கோடு வரும். பல போன்களில் அதன் கீழேயே பாஸ்வேர்டு எழுத்தில் தெரியும்.

சில போன்களில் கோடு மட்டும்தான் வரும். அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, அதே போனில் கூகுள் லென்ஸில் திறந்து பாருங்கள். நீளமான வரி ஒன்று வந்தால், அதில் ‘பி’ என்ற ஆங்கில எழுத்தையும் முக்காற்புள்ளியையும் அடுத்து, அரைப்புள்ளி வரை இருப்பதுதான் பாஸ்வேர்டு. இதிலிருந்தே ஒன்று புரியும்: அந்தக் கோடுக்குள் பாஸ்வேர்டு எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே இருக்கிறது. எனவே அந்தப் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்; வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

ஐபோன் என்றால் இன்னும் சுலபம். 2022இல் வந்த ஐஓஎஸ் 16 முதல், செட்டிங்ஸில் வைஃபைக்குள் போய், இணைப்பின் பெயருக்குப் பக்கத்திலுள்ள ‘ஐ’ குறியைத் தொட்டு, ‘பாஸ்வேர்டு’ வரியைத் தொட்டால் போதும். முகத்தையோ விரலையோ சரிபார்த்துவிட்டுக் காட்டும்.

எழுதும்போது பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தைக் கவனியுங்கள். பூஜ்யமா ‘ஓ’வா, ஒன்றா சின்ன ‘எல்’லா என்று பாருங்கள். லேப்டாப் ‘தவறான பாஸ்வேர்டு’ என்று சொல்வதற்குப் பெரும்பாலும் இவைதான் காரணம்.

போன் பழையதாக இருந்து இந்த வசதி இல்லாவிட்டால், ரவுட்டரின் அடியிலுள்ள ஸ்டிக்கரைப் பாருங்கள். மகன் மாற்றாமல் விட்டிருந்தால் அதிலுள்ளதே இன்றும் செல்லும். மாற்றியிருந்தால், இணைந்திருக்கும் போனின் பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடித்து ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழையலாம். அதற்குரிய பயனர் பெயரும் பெரும்பாலும் ஸ்டிக்கரிலேயே இருக்கும். பாஸ்வேர்டை எடுத்துத் தருவதாகச் சொல்லும் ‘வைஃபை ஹேக்’ செயலிகளை மட்டும் இறக்கிவிடாதீர்கள். அவற்றை நம்பி உங்கள் போனைத் திறந்துவிட வேண்டாம்.

ரீசெட் கடைசி வழி. ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் இணைய நிறுவனம் தந்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ரவுட்டருக்குள்தான் பதிவாகியிருக்கும். ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்தால் அவையும் சேர்ந்து போய்விடும்; இப்போது வரும் இணையமும் நின்றுவிடும். வேறு வழியே இல்லையென்றால், முதலில் நிறுவனத்துக்குப் போன் செய்து அந்த விவரங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு செய்யுங்கள்.

பாஸ்வேர்டு கிடைத்த அன்றே அதையும் நிறுவனம் தந்த விவரங்களையும் வீட்டுக் கணக்கு நோட்டில் எழுதி வையுங்கள். வீட்டு இணையத்தின் விவரம் ஒருவர் நினைவில் மட்டும் இருக்கக் கூடாது; வீட்டிலிருக்கும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.