மின்தாராவும் வேண்டும், கார்லாக்கும் வேண்டும்!

கேள்வி: ‘பால்டர்ஸ் கேட் 3’-ஐ ஆன்லைனில் சேர்ந்து ஆடுகிறோம். நண்பன் பேச்சைக் கேட்டு, கோப்லின் படைத்தலைவி மின்தாரா பக்கம் நின்று, டீஃப்லிங் அகதிகள் இருந்த தோப்பைத் தாக்கினோம். எங்கள் குழுவிலிருந்த கார்லாக்கும் வில்லும் பிரிந்து போய்விட்டார்கள். சமாதானப்படுத்த வழி உண்டா?

பதில்: கிடையாது. தஞ்சம் புகுந்த டீஃப்லிங்குகளை வெட்டிச் சாய்த்துவிட்டு, அதே இனத்துக் கார்லாக்கிடம் என்னவென்று சமாதானம் பேசுவீர்கள்? அவள் கோபம் நியாயம்தான். (நண்பர் ஒப்புக்கொள்ள மாட்டார், விடுங்கள்.)

தாக்குதலுக்கு முந்தைய சேவ் இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். இம்முறை தோப்பைத் தாக்காமல், கோப்லின் முகாமில் மின்தாராவோடு மோதுங்கள்; ஆனால் கொல்லாதீர்கள். ‘நான்-லீத்தல்’ (கொல்லாமல் வீழ்த்தும்) வசதியைப் போட்டுவிட்டு, கடைசி அடியை வாளாலோ கதையாலோ கொடுங்கள். அம்பும் மந்திரமும் உதவாது. மயங்கி விழுவாள். ஆட்டத்தின் இரண்டாம் பாகத்தில் மூன்ரைஸ் கோபுரத்தில் விசாரணைக்கு நிற்பாள், மீட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். கார்லாக், வில் இருவரும் உங்களோடுதான் இருப்பார்கள்.