பழைய மருந்தைத் தின்னும் பாக்டீரியா

கேள்வி: எங்கள் தக்காளித் தோட்டத்தில் அப்பா காலத்தில் பி.எச்.சி. பவுடரும் பிறகு எண்டோசல்பானும் தாராளமாக அடித்தார்கள். அந்த விஷம் இன்னும் மண்ணில் இருக்குமா? சூடோமோனாஸ் விட்டால் போய்விடும் என்கிறார் உரக்கடைக்காரர். நம்பலாமா?
– வாசகர், ராயக்கோட்டை

பதில்: கடையில் விற்கும் சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ், வாடல் நோயையும் வேரழுகலையும் கட்டுப்படுத்துவதற்கானது. அந்த வேலையை நன்றாகவே செய்யும். பழைய மருந்தை ஒழிக்க அதை வாங்குவது வீண் செலவு.

ஆனால் பி.எச்.சி.யைத் தின்னும் பாக்டீரியா உண்டு. அது கிடைத்ததும் இந்திய மண்ணில்தான். கட்டாக் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் சேதுநாதன் குழுவினர் 1990-ல் அதைப் பதிவு செய்தார்கள். பி90ஏ என்ற அந்த ரகத்தை டெல்லிப் பல்கலைக்கழகத்தில் ரூப் லால் குழுவினர் விரிவாக ஆராய்ந்தார்கள். 2005-ல் அதற்கு ஸ்பிங்கோபியம் இண்டிகம் என்று பெயர் வைக்கப்பட்டது.

பி.எச்.சி. மூலக்கூறு ஆறு கார்பன் கொண்ட ஒரு வளையம். ஒவ்வொரு கார்பனிலும் ஒரு குளோரின். மற்ற நுண்ணுயிர்களை அண்டவிடாத முள்வேலி இந்தக் குளோரின்தான். பி90ஏ-யிடம் உள்ள லின்-ஏ என்ற நொதி, குளோரினை ஹைட்ரஜனோடு சேர்த்துப் பிடுங்குகிறது. அடுத்து லின்-பி என்ற நொதி, மிச்சமுள்ள குளோரினை எடுத்துவிட்டு ஹைட்ராக்சிலை வைக்கிறது. கடைசியில் வளையமே உடைந்து, கார்பன் பாக்டீரியாவுக்குச் சாப்பாடாகிறது.

இதெல்லாம் பி.எச்.சி.யின் வகைகளில் லிண்டேன் எனப்படும் காமா வகைக்குத்தான் பொருந்தும். பீட்டா வகையில் குளோரின்கள் லின்-ஏ நொதிக்குப் பிடிகொடுக்காதபடி அமைந்திருக்கின்றன. லின்-பி மெதுவாகக் கொஞ்சம் மாற்றும். பெரும்பாலும் பாதியிலேயே நின்றுவிடும். 1997-ல் தடையான பி.எச்.சி.யில் பீட்டா வகை மண்ணில் நெடுநாள் தங்க இதுவும் ஒரு காரணம். மாட்டுப்பால் கொழுப்பிலும் அது தங்கும்.

எண்டோசல்பான் கதை வேறு. 2011-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தடை செய்தது. காற்றோட்டமுள்ள மண்ணில் பல நுண்ணுயிர்கள் அதை எண்டோசல்பான் சல்பேட்டாக மாற்றுகின்றன. அதுவும் மூல மருந்துக்குச் சளைக்காத விஷம். அதைவிட அதிக நாள் நிற்கக்கூடியது. நீரால் சிதைந்து டையோல் ஆனால்தான் நஞ்சு குறையும். ஆகவே 'எண்டோசல்பான் இல்லை' என்ற ஒற்றை வரிப் பரிசோதனை அறிக்கையை வைத்து நிம்மதியடைய முடியாது.

தண்ணீர் நிற்கும் நெல்வயலில் லிண்டேன் சீக்கிரம் சிதையும் என்று பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1960-களிலேயே கண்டது. சொட்டுநீர் போடும் மேட்டுநிலத் தக்காளித் தோட்டத்தில் அந்த வேகத்தை எதிர்பார்க்க முடியாது. தொழுஉரமும் ஈரமும் குறையாமல் பார்த்துக்கொண்டால் மண்ணில் ஏற்கெனவே உள்ள நுண்ணுயிர்கள் பெருகும், செலவும் குறைவு. ஆலைக்கழிவில் வரும் ஈயம், குரோமியத்துக்கு மட்டும் இது பலிக்காது. தனிமத்தை எந்தப் பாக்டீரியாவாலும் உடைக்க முடியாது.

வழக்கமான மண் பரிசோதனை அட்டையில் தழை, மணி, சாம்பல் சத்துகள் இருக்கும். மருந்து எச்சம் இருக்காது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் எச்சப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. மண் மாதிரியைக் கொடுக்கும்போது பீட்டா பி.எச்.சி., எண்டோசல்பான் சல்பேட் இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். முடிவு வரும்வரை எந்த டப்பாவும் வாங்க வேண்டாம்.