பெத்பேஜின் ஐந்து மைதானங்களில் எதில் ஆடலாம்?

கேள்வி: ஐயா, நியூயார்க்கில் லாங் ஐலண்ட் பகுதியில் ஹிக்ஸ்வில்லில் வசிக்கிறேன். வயது 46. அலுவலக நண்பர்கள் இழுத்துவிட்டதில் இரண்டு வருடமாக கோல்ஃப் ஆடுகிறேன். ஹேண்டிகேப் 27. டிரைவரில் நன்றாகப் பட்டால் பந்து 190 யார்டு போகும். படாத நாள்தான் அதிகம். பக்கத்திலேயே பெத்பேஜ் மாநிலப் பூங்காவில் பொதுமக்களுக்கான ஐந்து மைதானங்கள் இருக்கின்றன. ரைடர் கோப்பை நடந்த பிளாக் மைதானத்தில்தான் ஆட வேண்டும் என்று நண்பர்கள் பிடிவாதம் பிடிக்கிறார்கள். போகலாமா?
— எஸ்.ஆர்., ஹிக்ஸ்வில்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஹேண்டிகேப்பைச் சொன்னதோடு நிற்காமல் 190 யார்டு என்றும் எழுதினீர்களே, அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

பிளாக்கில் பல குழிகளில், டீயிலிருந்து அடிக்கும் பந்து முழங்கால் உயரப் புல்லையோ குறுக்கே கிடக்கும் மணல் பங்கரையோ தாண்டி விழ வேண்டும். 2002இல் யு.எஸ். ஓபன் இங்கே நடந்தபோது, குளிரும் மழையுமான ஒரு நாளில், 10ஆவது குழியில் ஃபேர்வே வரைக்கும் பந்தைக் கொண்டுபோக முடியாமல் தொழில்முறை ஆட்டக்காரர்களே சிலர் திணறினார்கள். அந்தப் போட்டியில் பாருக்குக் கீழே முடித்தவர் டைகர் வுட்ஸ் ஒருவர்தான். நாம் ஆடுவது முன்னால் இருக்கும் டீக்களிலிருந்து, புல்லும் அவ்வளவு வளர்ந்திருக்காது என்பதெல்லாம் சரி. ஆனால் பிளாக்கில் வண்டி கிடையாது. மேடும் பள்ளமுமாக 18 குழியும் நடந்தே தீர வேண்டும். முதல் டீக்குப் பக்கத்தில் ஒரு எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள்: மிகக் கடினமான மைதானம், நல்ல திறமை உள்ளவர்களுக்கு மட்டுமே பரிந்துரைக்கிறோம் என்று. எல்லோரும் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எழுதியிருப்பதை நம்பித் திரும்பிப் போனவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

மைதானங்களை ஒப்பிட ஸ்கோர் அட்டையில் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, ஸ்லோப். 55இலிருந்து 155 வரை போகும் எண் இது, 113 சராசரி. உங்கள் 27ஐ ஸ்லோப்பால் பெருக்கி 113ஆல் வகுத்தால், அந்த மைதானத்தில் உங்களுக்கு ஏறக்குறைய எத்தனை அடி சலுகை என்று தெரியும் (கோர்ஸ் ரேட்டிங்குக்கும் பாருக்கும் உள்ள வித்தியாசத்தை இங்கே விட்டுவிடுகிறேன்). ஸ்லோப் 113 என்றால் 27. 145 என்றால் கிட்டத்தட்ட 35. அந்த எட்டு அடியும் காகிதத்தில் சலுகை. மைதானத்தில் அது புல்லுக்குள் பந்து தேடும் நேரம்.

இரண்டாவது, நீளம். டிரைவரில் 200 யார்டு அடிப்பவருக்கு 5,200 முதல் 5,400 யார்டு போதும் என்பது ‘டீ இட் ஃபார்வர்ட்’ திட்டத்தின் கணக்கு; 2011இல் அமெரிக்க கோல்ஃப் சங்கமும் பி.ஜி.ஏ.வும் சேர்ந்து கொண்டுவந்தது. பிளாக் பின் டீயிலிருந்து 7,400க்கு மேல். முன்னால் இருக்கும் டீயே உங்களுக்கு அதிகம். எந்த மைதானத்துக்குப் போனாலும் முன் டீயில் நிற்கக் கூச்சப்படாதீர்கள். அங்கே நிற்பது பெண்களும் முதியவர்களும்தான் என்று நினைக்கும் நண்பர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

மற்ற நான்கில், யெல்லோ சமதளமானது, இளகிய மனசுக்காரர். ஆனால் நான் உங்களை அனுப்ப விரும்புவது கிரீனுக்கு. ஐந்தில் மூத்தது அதுதான். 1923இல் டெவரோ எம்மெட் ஒரு தனியார் கிளப்புக்காக அமைத்தது; 1930களில் அரசு அந்த இடத்தைப் பூங்காவாக்கி, யெல்லோவைத் தவிர மற்ற மைதானங்களை உருவாக்கியது. கிரீன் நீளம் குறைவு, டிரைவரில் 190 அடிப்பவரைத் தண்டிக்காது. ஆனால் புட்டிங் தளங்கள் சிறியவை, நிலம் ஏறி இறங்கும். நூறு யார்டுக்குள் வந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதைச் சோதிக்கும். 27ஐ 20 ஆக்கும் வேலை அங்கேதான் இருக்கிறது.

புளூவின் ஸ்கோர் அட்டையை மட்டும் நம்ப வேண்டாம். முதல் ஒன்பது கடுமை, பின் ஒன்பது எளிது; இரண்டும் சேர்ந்து நடுத்தரமாகத் தெரியும். 1958இல் யெல்லோவை அமைத்தபோது புளூவின் சில குழிகளை அதற்குக் கொடுத்துவிட்டதன் விளைவு. ரெட்டை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்: முதல் குழியே நீண்ட, மேடேறும் பார் 4.

உங்கள் ஊரிலிருந்து பெத்பேஜ் போலவே எட்டும் தூரத்தில் நாசா கவுண்டியின் ஐசன்ஹோவர் பூங்காவும் இருக்கிறது. மூன்று மைதானங்கள், தட்டையான நிலம். கவுண்டியில் குடியிருப்பவர் என்பதால் லெஷர் பாஸ் எடுத்தால் கட்டணம் குறையும். அங்குள்ள ரெட்டில்தான் 1926இல் வால்டர் ஹேகன் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பை வென்றார். பெரிய போட்டி நடந்த மண்ணில் ஆடினோம் என்று சொல்லிக்கொள்ள அதுவே போதுமே!

கேள்வி: நான் நியூஜெர்சி. ஹேண்டிகேப் 13, டிரைவர் 235 யார்டு. வாழ்நாளில் ஒரு முறை பிளாக்கில் ஆடிவிட ஆசை. வெளி மாநிலத்தவருக்கு இரட்டைக் கட்டணம் என்கிறார்கள். தகுமா?
— கே.வி., எடிசன்

பதில்: தகும், போய் வாருங்கள். நியூயார்க்வாசிகளைவிட இரண்டு மடங்கு கொடுத்தாலும், இந்த அளவு பெயர் பெற்ற தனியார் ரிசார்ட்டுகளில் கேட்பதைவிட மிகக் குறைவு. முன்பதிவு கிடைக்காவிட்டால், வாகன நிறுத்துமிடத்தில் எண் போட்ட இடங்களில் காரை நிறுத்தி, இரவு அதிலேயே படுத்திருந்து, விடியுமுன் சீட்டு வாங்கும் பழைய வழக்கம் இருக்கிறது. தனியாகப் போனால் மூன்று பேர் குழுவோடு சேர்த்துவிடுவார்கள், வாய்ப்பு அதிகம். தள்ளுவண்டி கொண்டுபோங்கள், பையைத் தோளில் சுமந்தால் 15ஆவது குழியின் மேட்டில் கால் கேள்வி கேட்கும். பின் டீ பக்கம் போகவே வேண்டாம்.