கம்பியில் ஏறும் இரண்டரைக் கிலோ

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதிக்கொள்வது. உன் கடிதம் கிடைத்தது. ஹாஸ்டலுக்குப் பக்கத்து ஜிம்மில் காலை பேட்ச்சில் பெண்கள் ஏழெட்டுப் பேராகச் சேர்ந்து வெயிட் தூக்குகிறார்கள், சேர ஆசையாக இருக்கிறது, ஆனால் முதலில் உடம்பு கொஞ்சம் இளைக்கட்டும், தைரியமும் கொஞ்சம் வரட்டும், அப்புறம் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த ‘அப்புறம்’தான் எனக்குச் சரியாகப் படவில்லை. எதைத் தேடிக்கொண்டு அங்கே போக வேண்டுமோ அதை முன்கூட்டியே கையில் வைத்துக்கொண்டு போக நினைக்கிறாய். வேலைக்கென்று வந்த ஊரில் ஆபீஸை விட்டால் ஹாஸ்டல், ஹாஸ்டலை விட்டால் போன் என்று நாளை ஓட்டுகிற உனக்கு, தன்னம்பிக்கையும் நாலு மனுஷரும் ஒரே இடத்தில் கிடைக்க வழியிருக்கிறது என்பது என் கட்சி. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

தன்னம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதை ஆல்பர்ட் பாண்டூரா என்ற உளவியலாளர் 1977-இல் நாலாகப் பிரித்துச் சொன்னார். தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் அதைச் செய்வதைக் கண்ணால் பார்ப்பது, நம்பத்தக்க ஒருவர் ‘உன்னால் முடியும்’ என்று சொல்வது, படபடப்பு, களைப்பு என்று உடம்பு சொல்வதைச் சரியாகப் புரிந்துகொள்வது. நாலில் முதலாவதற்குத்தான் பலம் அதிகம் என்பது அவர் முடிவு. செய்து முடித்தோம் என்பதற்கு ஓர் அத்தாட்சி வேண்டும் அல்லவா? ஆபீஸ் வேலையில் அது எளிதில் கிடைக்காது. நன்றாகச் செய்தோமா என்பதை மேனேஜரின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பார்பெல்லுக்கு முகம் கிடையாது. பெண்களுக்கான வெறும் கம்பி 15 கிலோ, ஆண்களுக்கானது 20 கிலோ. இரு பக்கமும் 1.25 கிலோ பிளேட் ஒவ்வொன்று போட்டால் இரண்டரைக் கிலோ கூடும். போன வாரம் வெறும் கம்பியைத் தோளில் வைத்து ஐந்து முறை உட்கார்ந்து எழுந்தாய், இந்த வாரம் 17.5 கிலோவோடு எழுந்தாய் என்றால் அதில் யாருடைய அபிப்பிராயத்துக்கும் இடமில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதில் ஒரு சலுகையும் உண்டு. முதல் சில வாரங்களில் கூடுகிற பலத்தில் பெரும்பகுதி தசை பெருத்து வருவதில்லை. இருக்கிற தசையிடம் நரம்புகள் கூடுதலாக வேலை வாங்கப் பழகுவதால் வருகிறது என்று மோரிட்டானியும் டிவ்ரீஸும் 1979-இலேயே காட்டிவிட்டார்கள். அதனால் கண்ணாடியில் ஒரு மாற்றமும் தெரியாத காலத்திலேயே, தூக்கிய எடையைக் குறித்துவைக்கும் நோட்டில் எண் ஏறிக்கொண்டிருக்கும். இளைத்த பிறகு போகிறேன் என்கிறவள் அந்த நல்ல வாரங்களைத்தான் ஒத்திப்போடுகிறாள். பிற்பாடு வேகம் குறையும். ஒரே எடையில் மாதக்கணக்கில் நிற்கவும் நேரும். கூட ஆள் தேவைப்படுவது அப்போதுதான்.

யூடியூபைப் பார்த்து அறையிலேயே தனியாகச் செய்துகொள்கிறேனே என்று நீ கேட்கலாம். கூட்டம் சேர்ந்தால் சோம்பல் வரும் என்பதற்கு ஆதாரமும் இருக்கிறது, அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். பிரான்சில் மாக்ஸ் ரிங்கல்மான் என்ற வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்து, முடிவுகளை 1913-இல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஒவ்வொருவரும் போட்ட பலம், தனியாக இழுத்தபோது போட்டதில் ஏறத்தாழப் பாதிதான் இருந்தது. (தேர் வடத்தில் சும்மா கை வைத்துக்கொண்டு நடக்கிறவர்களைப் பார்த்திருக்கிற நமக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை.) ஆனால் 1920-களில் பெர்லினில் ஓட்டோ கோலர் படகோட்டிகள் சங்கத்து ஆட்களை வைத்துச் செய்த சோதனையில் நேர்மாறாக நடந்தது. இரண்டு பேர் சேர்ந்து ஒரே கம்பியைத் தூக்க வேண்டும். ஒருவர் கைவிட்டால் மற்றவரும் நிறுத்த வேண்டியதுதான். அங்கே பலம் குறைந்தவர், தனியாகத் தூக்கியபோது நின்றதைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார். இருவருக்கும் இடையில் மிதமான ஏற்றத்தாழ்வு இருந்தபோது இது நன்றாகத் தெரிந்தது. ஏன் இந்த வித்தியாசம்? 1981-இல் வில்லியம்ஸ், ஹார்க்கின்ஸ், லதானே என்ற மூவர் வெளியிட்ட ஆய்வில் விடை இருக்கிறது. சேர்ந்து கத்தச் சொன்னால் ஆட்கள் தங்கள் குரலைக் குறைத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவர் குரலும் தனித்தனியே அளக்கப்படுகிறது என்று தெரிந்தபோது குறைக்கவில்லை. ஆக, கூட்டத்துக்குள் உன் பங்கு கரைந்துபோனால்தான் சோம்பல். வெயிட் பேட்ச்சில் அது கரையாது: உன் கம்பியில் உன் எடை, போர்டில் உன் பெயருக்கு நேரே உன் எண். ஜும்பா வகுப்பில் பின்வரிசையில் நின்று கையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிடலாம், கம்பியைத் தாங்கும் ஸ்குவாட் ரேக்குக்குள் அது நடக்காது. கோலரின் சோதனை ஜிம்முக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. ஜிம்மில் உன் கம்பியை இன்னொருத்தி சேர்ந்து பிடிப்பதில்லை. ஆனாலும் மூன்று பேர் முறை வைத்துத் தூக்கும்போது உன் முறைக்கு நீ போகாவிட்டால் மற்ற இருவரும் காத்து நிற்பார்கள். அந்த அளவுக்குப் பொருந்துகிறது.

சிநேகம் எப்படி வளர்கிறது என்பதற்கு வருகிறேன். டிரெட்மில்லில் ஓடுகிறவர் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் எதிர்ச் சுவரைப் பார்த்து ஓடிவிட்டு இறங்கிப் போய்விடலாம், பக்கத்தில் யார் ஓடினார் என்றுகூடத் தெரியாது. பாரம் தூக்குவதன் அமைப்பே வேறு. ஐந்து முறை தூக்க அரை நிமிஷம் ஆகும். அடுத்த செட்டுக்கு முன்னால் இரண்டு மூன்று நிமிஷம் ஓய்வெடுத்தே தீர வேண்டும். ஒரு மணி நேர பேட்ச்சில் தூக்குகிற நேரத்தைவிட நிற்கிற நேரம் அதிகம். அந்த நேரத்திலும் கை சும்மா இருப்பதில்லை. உனக்கு முந்தியவள் 40 கிலோவை முடித்துவிட்டு வெளியே வருகிறாள், உனக்கு 25 கிலோ என்று வைத்துக்கொள். ஆளுக்கு ஒரு பக்கமாக நின்று கிளிப்பைக் கழற்ற வேண்டும், ஒரே நேரத்தில் பிளேட்டை இறக்க வேண்டும் (ஒரு பக்கம் மட்டும் இறக்கினால் கம்பி சாய்ந்துவிடும்), பக்கத்துக்கு ஒரு ஐந்து கிலோவை மாட்ட வேண்டும், நீ அவளைவிடக் குட்டை என்றால் ரேக்கில் கம்பி உட்காரும் கொக்கியை ஒரு துளை கீழே இறக்க வேண்டும். ‘உனக்கு எவ்வளவு?’ என்று கேட்காமல் இதில் எதுவும் நடக்காது. பெயர் தெரிவதற்கு முன்பே ஒருத்தியின் எடை தெரிந்துவிடும், போன வாரம் அவள் எதில் திணறினாள் என்பதும் தெரிந்துவிடும். உன்னைப் போல் வாய் திறக்கத் தயங்குகிறவர்களுக்கு இது பெரிய உபகாரம், பேச்சைத் தொடங்க விஷயம் தேட வேண்டியதில்லை. இதெல்லாம் ஜிம் வாசலோடு சரி என்று சிலர் சொல்வார்கள். இருக்கட்டுமே. எல்லா சிநேகமும் ஆயுசுக்கும் வர வேண்டும் என்று யார் சொன்னது? இரண்டு நாள் வராவிட்டால் ‘என்ன, காய்ச்சலா?’ என்று கேட்க நாலு பேர் இருப்பது தனியாக இருக்கிற பெண்ணுக்குச் சின்ன விஷயமில்லை.

உன் கூச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறர் பார்க்கும்போது பழகிய காரியம் இன்னும் நன்றாக வரும், புதுக் காரியம் தடுமாறும் என்று ராபர்ட் சயோன்ஸ் 1965-இல் எழுதினார். கரப்பான்பூச்சிகளை மற்றக் கரப்பான்பூச்சிகள் பார்க்க ஓடவிட்டு இதைச் சோதித்துக்கூடப் பார்த்தார். எளிய பாதையில் வேகமாக ஓடின, சிக்கலான பாதையில் தடுமாறின. ஆகவே முதல் நாளில் நீ தடுமாறினால் அது உன் குறையில்லை, எல்லா ஜீவனுக்கும் உள்ளதுதான். பரிகாரம் சுலபம்: முதல் இரண்டு மூன்று வாரம் ஓர் ஓரத்தில் வெறும் கோலை வைத்துக்கொண்டு கோச்சிடம் முறையைப் பழகிக்கொள், அது கை வந்த பிறகு பார்க்கிற கண்களும் உனக்குச் சாதகமாகிவிடும். நம் ஊரில் ஊர் கூடிப் பார்க்கத் தூக்கிய இளவட்டக்கல் இருந்ததே, அதில் இருந்த கஷ்டம் வேறு. கல்லுக்கு ஒரே எடை; தூக்கியவன் வீரன், தூக்காதவன் கேலிக்கு ஆளானான். கம்பி ஆளுக்குத் தக்கபடி எடை மாற்றிக்கொள்கிறது, உன் 20 கிலோவும் இன்னொருத்தியின் 60 கிலோவும் ஒரே ரேக்கில் ஏறி இறங்குகின்றன. அந்தக் கல்லும் ஆண்களோடு நின்றுவிடவில்லை, திருநெல்வேலி மாவட்டத்து வடலிவிளையில் பொங்கலையொட்டி நடக்கும் போட்டியில் பெண்களும் தூக்குகிறார்கள்.

பெண் வெயிட் தூக்கினால் ஆம்பிளை உடம்பாகிவிடும் என்று உன் அம்மா நிச்சயம் சொல்வாள். தசையைப் பெருக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஆணுக்கு இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூடப் பெண்ணுக்கு இல்லை. வருஷக்கணக்கில் அதற்கென்றே சாப்பிட்டு உழைக்கிறவர்களுக்கே அந்த உடம்பு லேசில் வருவதில்லை என்று அவளிடம் சொல். இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்ற பயத்துக்கு இன்னும் நல்ல பதில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் கிரிஃபித் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மாதவிடாய் நின்று எலும்பு அடர்த்தியும் குறைந்திருந்த 101 பெண்களை வைத்து நடத்திய ஆய்வு 2018-இல் வெளிவந்தது. ஒரு பிரிவினர் வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், கண்காணிப்பில் டெட்லிஃப்ட், ஸ்குவாட் எல்லாம் கனமான பாரத்தோடு செய்தார்கள். மற்றவர்கள் வீட்டில் லேசான பயிற்சி செய்தார்கள். எட்டு மாதத்தில் முதல் பிரிவினரின் முதுகெலும்பு அடர்த்தி கூடியது, வீட்டுப் பிரிவில் குறைந்தது. பாரம் தூக்கியவர்களில் ஒரே ஒருவருக்கு லேசான இடுப்புப் பிடிப்பு வந்தது, அவ்வளவுதான். அங்கேயும் முதல் மாதம் குறைந்த பாரத்தில் முறையைப் பழக்கிய பிறகே எடையை ஏற்றினார்கள் என்பதைக் கவனி. உலக சுகாதார நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியில், பெரியவர்கள் வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. மனசுக்கும் இதில் பலன் உண்டு: 33 சோதனைகளைத் தொகுத்து 2018-இல் வந்த ஆய்வு, பாரப் பயிற்சி மனச்சோர்வின் அறிகுறிகளைக் குறைக்கிறது என்றது. மனசு ரொம்பச் சரியில்லை என்றால் டாக்டரைப் பார்ப்பதுதான் முதல் வேலை, ஜிம் அதற்கு மாற்றாகாது.

எல்லா பேட்ச்சும் நல்ல பேட்ச் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதே. சிரிப்பதற்கு முன்பே புரோட்டீன் டப்பாவை நீட்டுகிற இடம் உண்டு. சேர்ந்த அன்றைக்கே வயிற்றைப் போட்டோ எடுத்து ‘முன்’, ‘பின்’ என்று சுவரில் ஒட்டக் கேட்கிற இடம் உண்டு. பக்கத்தில் இருப்பவள் ஏற்றினாள் என்பதற்காக உன்னையும் ஏற்றச் சொல்கிற கோச்சும் உண்டு, அங்கே காயம் படலாம். உன் உடம்பைப் பற்றி யாராவது கேலி பேசி, மற்றவர்கள் சேர்ந்து சிரித்தால் அது பேட்ச் இல்லை. அந்த இடத்தில் தன்னம்பிக்கை வளராது, இருப்பதும் போகும். அப்படி ஓர் இடத்தில் மாட்டிக்கொள்வதற்கு உன் அறையில் தனியாகத் தூக்குவதே மேல் என்று தயங்காமல் சொல்வேன்.

அதனால் சேருமுன் ஒரு காலை போய், ஒரு பேட்ச் முழுக்க ஓரமாக நின்று பார். எண்களை எங்காவது எழுதி வைக்கிறார்களா, ஏழெட்டுப் பேருக்கு மேல் ஒரு கோச்சிடம் தள்ளுகிறார்களா, புதிதாக வந்தவளுக்குப் பிளேட் மாற்ற யாராவது தானாக வருகிறார்களா என்று பார். மூன்றாவது மிக முக்கியம், அதை எந்த விளம்பரத்திலும் போட மாட்டார்கள். முன்பு முழங்காலிலோ முதுகிலோ வலி இருந்திருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். பிடித்திருந்தால் மூன்று மாதத்துக்குச் சேர். தள்ளுபடி தருகிறார்கள் என்று வருஷப் பணத்தை மொத்தமாகக் கட்டிவிடாதே.

அன்புடன்,
பெரியம்மா